கட்டி ஓரிடம், வலி வேறிடம்: மார்பகப் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது?

மார்பகம் இல்லாமல் உயிர் வாழ முடியும். அதனால் மார்பகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டியால் பெரும்பாலும் யாரும் இறப்பதில்லை. அந்தக் கட்டியிலிருந்து கிளம்பிய செல்கள் எலும்பிலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ மூளையிலோ போய்த் தங்கி, அந்த உறுப்பைத் தன் வேலையைச் செய்யவிடாமல் ஆக்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து வருகிறது. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மதிப்பிட்டிருக்கிறது. இந்தியாவில் மட்டும் சுமார் 98 ஆயிரம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது முதலில் வந்த கட்டி அல்ல, அது பரவியதுதான்.

இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்: "கத்தி பட்டால் பரவிவிடும்." ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும், கட்டியைக் கலைத்துவிட்டால் உடம்பெல்லாம் ஓடிவிடும் என்றெல்லாம் இதற்குக் கிளைகள் உண்டு. இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் கட்டியோடு வீட்டில் இருந்துவிடும் பெண்கள் இன்னமும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தப் பயம்தான். நோய் உண்மையில் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டால், "இப்போ எலும்பிலயும் கேன்சர் வந்துடுச்சு" என்று சொல்கிறோம். புதிதாக இன்னொரு நோய் வந்துவிட்டது என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அப்படி இல்லை. எலும்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அங்கே இருப்பவை மார்பகத்தில் பிறந்த செல்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நம்பி வளர்ந்த கட்டி என்றால், எலும்புக்குப் போன செல்களும் பெரும்பாலும் அதே ஹார்மோனை நம்பித்தான் வாழும். அதனால்தான் மார்பகக் கட்டிக்குத் தரும் லெட்ரோசோல் மாத்திரையையே எலும்பில் பரவியதற்கும் தருகிறார்கள். எலும்புக்குத் தனி மருந்து தராமல் ஏமாற்றுகிறார்களோ என்று உறவினர்கள் சந்தேகப்பட வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும், பரவிய இடத்தில் செல்களின் குணம் மாறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான், முடிந்த இடத்தில் மறுபடியும் பயாப்ஸி எடுத்துப் பார்க்கிறார்கள்.

பரவல் எங்கே தொடங்குகிறது? பால் சுரக்கும் நுண்ணறைகளும், பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் குழாய்களும் சேர்ந்ததுதான் மார்பகத்தின் சுரப்புப் பகுதி. புற்றுநோய் பெரும்பாலும் இந்தக் குழாய்களின் உட்புறச் செல்களில் உருவாகிறது. குழாயைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வுக்கு உள்ளே ரத்தக் குழாயும் கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. ஆகவே நோய்ச் செல்கள் உள்ளேயே இருக்கும்வரை அவை உடலின் வேறு பாகத்துக்குப் போக வழியில்லை. மேமோகிராம் பரிசோதனையில் சில பெண்களுக்கு இந்தக் கட்டத்திலேயே நோய் பிடிபடுகிறது. ரிப்போர்ட்டில் இது பூஜ்ஜியம் ஸ்டேஜ் என்று வரும்.

சவ்வை அரித்துக்கொண்டு செல்கள் வெளியே வந்துவிட்டால் கதை மாறுகிறது. இயல்பான குழாய்ச் செல்கள் பக்கத்துச் செல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, பிறந்த இடத்திலேயே இருப்பவை. புற்றுச் செல்களில் சில இந்தப் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் திசுவைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன, நகரும் திறனைப் பெறுகின்றன. வளரும் கட்டிக்கு உணவும் ஆக்சிஜனும் வேண்டும். அதற்காக அது புதிய ரத்தக் குழாய்களைத் தன்பக்கம் வளரச் செய்கிறது. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களின் சுவர் உறுதியற்றது, ஒழுகக்கூடியது. செல்கள் உள்ளே நுழைய அதுவே வாசலாகிவிடுகிறது.

வெளியேற இரண்டு வழிகள். ஒன்று நிணநீர், மற்றொன்று ரத்தம். மார்பகத்தின் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அக்குளுக்குத்தான் வடிகிறது. அதனால்தான் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று டாக்டர் முதலில் தொட்டுப் பார்க்கிறார். நீலச் சாயத்தையோ லேசான கதிரியக்க மருந்தையோ மார்பகத்தில் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. அதில் நோய் இல்லை என்றால் மற்றவற்றை எடுக்க வேண்டியதில்லை. கை வீங்கிப்போகும் துன்பத்திலிருந்து பல பெண்கள் இதனால் தப்பித்திருக்கிறார்கள்.

அக்குளைத் தாண்டித்தான் நோய் உடலுக்குள் போகும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், நோய் மார்பகத்திலிருந்து படிப்படியாக, அடுத்தடுத்த நெறிக்கட்டிகள் வழியாக வெளியே நகர்கிறது என்று கருதினார். அப்படியானால் அது போகும் வழியை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிட வேண்டும். எனவே மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து அகற்றினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இந்த அறுவை சிகிச்சை முக்கால் நூற்றாண்டுக்கு உலகெங்கும் நிலைத்திருந்தது. மார்பு குழிந்து, கை வீங்கி வாழ்ந்த பெண்களின் எண்ணிக்கைக்குக் கணக்கில்லை. அவ்வளவு வெட்டியும் பலருக்கு நோய் எலும்பிலும் கல்லீரலிலும் திரும்பவே செய்தது.

பிட்ஸ்பர்க்கில் பணியாற்றிய பெர்னார்ட் ஃபிஷர் இதைக் கேள்விக்குட்படுத்தினார். கட்டி கையில் தட்டுப்படும் நாளிலேயே சில செல்கள் ரத்தத்தில் கலந்து போயிருக்கலாம், அப்படிப் போயிருந்தால் மார்பில் இன்னும் ஆழமாக வெட்டுவதால் பயனில்லை என்பது அவர் வாதம். வாதத்தோடு நிற்காமல் 1976-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். சில பெண்களுக்கு மார்பகம் முழுவதும் எடுக்கப்பட்டது, சிலருக்குக் கட்டி மட்டும் எடுக்கப்பட்டது, சிலருக்குக் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் தரப்பட்டது. 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட முடிவில், உயிர் வாழ்ந்த காலத்தில் இவர்களுக்குள் வேறுபாடு இல்லை. இன்று பல பெண்கள் மார்பகத்தை இழக்காமலே சிகிச்சை பெறுவதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். அறுவைக்குப் பிறகு "கட்டியைத்தான் எடுத்தாச்சே, கீமோ எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. கத்தி எட்டாத இடத்துக்குப் போயிருக்கக்கூடிய செல்களை, அவை போன அதே ரத்தத்தின் வழியாகப் போய் அழிக்கத்தான் கீமோவும் ஹார்மோன் மாத்திரையும்.

ரத்தத்தில் கலந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. இதைப் பலர் அறியாமல் கலங்குகிறார்கள். ரத்த ஓட்டம் புற்றுச் செல்லுக்கு மிக மோசமான இடம். பற்றிக்கொள்ள எதுவும் இல்லை, ஓட்டத்தின் வேகம் செல்லைச் சிதைக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் அடையாளம் கண்டு கொல்கின்றன. ஐசையா ஃபிட்லர் என்ற ஆய்வாளர் 1970-இல், அடையாளமிட்ட தோல் புற்றுநோய்ச் செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோது, ஆயிரத்தில் ஒன்றுகூடப் புதிய கட்டியாக வளரவில்லை. தப்பிப்பவை எவை என்றும் ஓரளவு தெரிந்திருக்கிறது. தனியாகப் போகும் செல்லைவிட, சில செல்கள் ஒட்டிக்கொண்டு கொத்தாகப் போனால் வேறிடத்தில் வேரூன்றும் வாய்ப்பு 23 முதல் 50 மடங்கு அதிகம் என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் 2014-இல் எலிகளில் காட்டினார்கள். ரத்தத் தட்டணுக்கள் இவற்றின்மேல் படிந்து மறைத்துவிடுவதும் உண்டு. 30 பெண்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், இத்தகைய செல்கள் பகலைவிட இரவில் தூங்கும்போது அதிகம் வெளியேறுவதாக 2022-இல் தெரிவித்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நேரத்தில் ரத்தம் எடுத்துச் சோதிப்பது, எந்த நேரத்தில் மருந்து கொடுப்பது என்று மருத்துவர்கள் யோசிக்க உதவும் தகவல் அது.

சரி, தப்பிய செல் எங்கே தங்கும்? ஏன் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று குறிப்பிட்ட இடங்களையே நாடுகிறது? இந்தக் கேள்வியை முதலில் தெளிவாகக் கேட்டவர் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைச் சேகரித்து 1889-இல் ஒரு கட்டுரை எழுதினார். கல்லீரலில் 241 பேருக்கு நோய் பரவியிருந்தது, மண்ணீரலில் 17 பேருக்குத்தான். மண்ணீரலுக்கும் ரத்தம் நன்றாகவே போகிறது. ரத்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்கக் கூடாது. விதை எல்லாத் திசையிலும் போய் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் பேஜட். ஆய்வுக்கூடங்களே அரிதாக இருந்த காலத்தில், பழைய குறிப்பேடுகளைப் புரட்டி மட்டுமே அவர் இந்த முடிவுக்கு வந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பிறகு நெடுங்காலம் இந்தக் கருத்து ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. அதை எலிகளில் சோதித்து மறுபடி நிலைநிறுத்தியவர் முன்பு சொன்ன ஃபிட்லர்தான்.

ரத்தம் போகும் வழியும் முக்கியம்தான். மார்பகத்திலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேராக நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போகிறது. ஆகவே நுரையீரல் முதல் நிறுத்தம். ஆனால் நுரையீரலில் ஒன்றும் இல்லாமல் முதுகெலும்பில் மட்டும் நோய் தெரிவதும் உண்டு. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கு வால்வு இல்லை என்பதையும், அவை மார்புச் சுவரின் சிரைகளோடு இணைந்திருப்பதையும் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறு நிபுணர் 1940-இல் விளக்கினார். இருமும்போதும் முக்கும்போதும் அங்கே ரத்தம் எதிர்த்திசையில் போகலாம். நுரையீரலைத் தொடாமலே செல்கள் முதுகெலும்புக்குப் போக இது ஒரு வழி.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பரவிய நிலையில் இருக்கும் மார்பகப் புற்றுநோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு எலும்பில் நோய் இருக்கும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பின் மேற்பகுதி ஆகிய சிவப்பு மஜ்ஜை நிறைந்த இடங்களில்தான் அதிகம். மஜ்ஜை சில வேதிச் சமிக்ஞைகளைச் சுரக்கிறது, மார்பகப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன என்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதுதான் கொடுமை. நம் எலும்பு நாள்தோறும் கொஞ்சம் கரைந்து கொஞ்சம் கட்டப்படுகிறது. கரைப்பதற்குத் தனிச் செல்கள், கட்டுவதற்குத் தனிச் செல்கள். புற்றுச் செல் தானாக எலும்பைத் தின்பதில்லை. சில புரதங்களைச் சுரந்து, கரைக்கும் செல்களை மிதமிஞ்சி வேலை வாங்குகிறது. எலும்பு கரையக் கரைய, அதற்குள் பொதிந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே வருகின்றன. அவை புற்றுச் செல்லுக்கே உணவாகின்றன. அது பெருகி, இன்னும் அதிகமாகக் கரைக்கச் செய்கிறது.

இந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டதால்தான் அதை நிறுத்தும் மருந்துகள் வந்தன. சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் என்ற ஊசிகள் கரைக்கும் செல்களை அடக்கி, எலும்பு முறிவையும் வலியையும் குறைக்கின்றன. இவற்றைத் தொடங்குமுன் பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

நுரையீரலில் பரவினால் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம், நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம். கல்லீரல் நெடுநாள் எதையும் காட்டிக்கொடுக்காது. பசியின்மை, எடைக் குறைவு, மஞ்சள் காமாலை என்று தெரியவரும்போது நோய் முற்றியிருக்கும். மூளைக்குப் பரவுவது, ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும் வகையிலும், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 மிகுதியும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகையிலும் அதிகம். ரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி இயற்கை வைத்திருக்கும் தடுப்பு, மருந்துகளையும் தடுத்துவிடுவதால் அங்கே சிகிச்சை கடினம். பால் நுண்ணறைகளில் தோன்றும் வகை மட்டும் வேறு மாதிரி. வயிற்றின் உள்ளுறை, குடல், சினைப்பை என்று எதிர்பாராத இடங்களுக்குப் போய்விடும்.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா தப்பிச்சாச்சு" என்று ஒரு நம்பிக்கை உண்டு. டிரிபிள் நெகட்டிவ் வகைக்கு இது பெருமளவு பொருந்தும். அது திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகை அப்படி இல்லை. மஜ்ஜை போன்ற இடங்களில் ஒதுங்கிய செல்கள், பெருகாமலும் சாகாமலும் பல வருடம் உறங்கிக் கிடக்கும். ஏறத்தாழ 63 ஆயிரம் பெண்களின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சையை முடித்து நோயில்லாமல் இருந்தவர்களுக்கும் அதற்கடுத்த 15 ஆண்டுகளில் நோய் வேறு உறுப்பில் தலைகாட்டியது. சிறிய கட்டியும் சுத்தமான அக்குளும் இருந்தவர்களில் இது 13 சதவீதம். கட்டி பெரிதாகி, நான்கு முதல் ஒன்பது நெறிக்கட்டிகளில் பரவியிருந்தவர்களில் 41 சதவீதம். சிலருக்கு மாத்திரையைப் பத்து ஆண்டு வரை நீட்டிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்தக் கத்தி விஷயம். ஊசி மூலம் பயாப்ஸி எடுப்பதால் நோய் உடலில் பரவி உயிருக்குக் கேடு வருவதாக எந்தச் சான்றும் இல்லை. ஊசி போன தடத்தில் ஓரிரு செல்கள் சிந்தினாலும், மேலே பார்த்ததுபோல் அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரிய அறுவையின்போது சில செல்கள் ரத்தத்தில் கலக்க வாய்ப்புண்டு என்பதை மருத்துவர்கள் மறைப்பதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலைமையில் இந்தியாவில் நடந்த ஆய்வு இதையே எடுத்துக்கொண்டது. கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, அதைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசியைப் போட்டார்கள். பல் பிடுங்குமுன் போடுகிறார்களே, அதே மருந்து, விலை மிகக் குறைவு. 1,583 பெண்கள் கலந்துகொண்ட இந்த ஆய்வில், ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1 சதவீதம். 2023-இல் இது வெளியானது. கத்திக்குப் பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது: அறுவையைத் தவிர்ப்பது வழி அல்ல, அதை இன்னும் பாதுகாப்பாகச் செய்வதுதான் வழி.

கத்திமேல் பழி விழுந்த காரணத்தையும் ஊகிக்க முடிகிறது. முற்றிய பிறகு வந்தவர்களுக்கு அறுவைக்கு முன்பே நோய் உள்ளுக்குள் பரவியிருந்தது. அறுவை முடிந்த சில மாதங்களில் அது வெளியே தெரிந்தது. பார்த்தவர்கள் கத்தியைக் காரணம் சொன்னார்கள்.

முதல் முறை கண்டறியும்போதே வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால் அதைத்தான் நாலாவது ஸ்டேஜ் என்கிறோம். அப்போது மார்பகத்தை எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்றும் டாடா மருத்துவமனையே 350 பெண்களிடம் நடத்திய ஆய்வில் காட்டி 2015-இல் வெளியிட்டது. "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. இந்த நிலையை முழுவதும் குணப்படுத்துவது அரிது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஹார்மோன் மாத்திரைகளும், 1998-இல் வந்த டிராஸ்டுசுமாப் போன்ற குறிவைத்துத் தாக்கும் மருந்துகளும் நோயைக் கட்டுக்குள் வைத்துப் பலருக்குப் பல வருட வாழ்வைத் தந்திருக்கின்றன.

சிகிச்சை முடித்தவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் நீள்வதில்லை. குறித்த நாளில் டாக்டரைப் பார்ப்பது, மீதமுள்ள மார்பகத்துக்கு மேமோகிராம் எடுப்பது, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவது போதும். ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் விடாத எலும்பு வலி, படுத்தாலும் குறையாத முதுகுவலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், வாந்தியோடு வரும் தலைவலி, திடீர் வலிப்பு, அளவுக்கு மீறிய தாகமும் குழப்பமும் இவற்றில் எது வந்தாலும், முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்பதைச் சொல்லிக் காட்டுங்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதைதானே என்று அதைச் சொல்லாமல் விடாதீர்கள். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, நடக்கையில் கால் தளர்ந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நடக்கும் நிலையில் வந்து சிகிச்சை தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுவதும் செயலிழந்த பிறகு வருகிறவர்களில் மிகச் சிலரே மீண்டும் எழுந்து நடக்கிறார்கள்.